கேள்வி - பதில்: இலவச மென்பொருள் எத்தனை நாள் தாங்கும்?

போன இதழில் லிபர் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: காசில்லாமல் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நம்பித் தொழில் நடத்தலாமா, நாளைக்கு அது இருக்குமா? ஆறு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளின் மூலநிரலை, அதாவது அதை எழுதிய அசல் வரிகளை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தால் அது ஓப்பன் சோர்ஸ். இலவசமாகக் கிடைப்பது அதனால் கூடவே வருகிற ஒன்று, அவ்வளவுதான்.

சிவகாசியில் 22 வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கோயில் மலர் எல்லாமே பேஜ்மேக்கரில் செய்தவை. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, புதியதில் பேஜ்மேக்கர் சரியாக ஓட மாட்டேன் என்கிறது. பையன் ஸ்கிரைபஸ் என்று ஒன்றைக் காட்டுகிறான், இலவசமாம். முதலாளியே இல்லாத சாமானை நம்பி எப்படி இறங்குவது?
அச்சக உரிமையாளர், சிவகாசி

முதலாளி இருந்த சாமானுக்கு என்ன ஆனது என்று முதலில் பார்த்துவிடுவோம். பேஜ்மேக்கரை 1985-ல் வெளியிட்டது ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம். கணினியிலேயே பக்கம் வடிவமைக்கும், நீங்களும் நானும் டிடிபி என்று சொல்லும் தொழில் பெருகியதே அதன் புண்ணியத்தில்தான். 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999-ல் இன்டிசைன் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. 2001-ல் பேஜ்மேக்கர் 7 வந்தது, அதோடு முடிந்தது, அடுத்த பதிப்பே கிடையாது. அடோபி நொடித்துப் போகவில்லை, இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு சாமானை வைத்துக்கொண்டு இரண்டையும் வளர்ப்பதில் அவர்களுக்கு லாபமில்லை, அதனால் பழையதை நிறுத்தினார்கள். இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. பிறகு சந்தா முறையில் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. உங்கள் 22 வருட வேலை உங்கள் வன்தட்டில்தான் இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி மட்டும் வேறு யார் கையிலோ இருக்கிறது.

இந்த வலி எனக்கும் தெரியும். 1990-களின் கடைசியில் என் அப்பா எழுதிய கட்டுரைகளை ஒரு தமிழ் மென்பொருளில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். நிறுவனம் மூடிப் போனது, அதன் எழுத்துருவும் போனது. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டியது. கடைசியில் மிஞ்சியது அன்றைக்கு எடுத்து வைத்த அச்சுப்படி மட்டும்தான். அதைப் பார்த்து மறுபடியும் முழுக்கத் தட்டச்சு செய்தேன்.

சரி, ஸ்கிரைபஸுக்கு வருவோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்த அதே 2001-ல்தான் ஸ்கிரைபஸ் வேலை தொடங்கியது. பெரும்பாலும் தன்னார்வலர்கள் செய்வது. நீண்ட காலம் தமிழுக்கு அது உதவவே இல்லை, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். அதைச் சரி செய்தவர்கள் யார் தெரியுமா? ஓமானைச் சேர்ந்த ஒரு குழு. அவர்களுக்கு அரபி எழுத்து ஒழுங்காகக் கூடி வர வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் எழுதிக் கொடுத்த நிரலால் தமிழும் சேர்ந்து சரியானது. 2017-ல் 1.5.3 என்ற சோதனைப் பதிப்பில் அது வந்தது, நிலையான 1.6 பதிப்பு வந்தது 2024-ல். ஏழு வருடம்! ஓப்பன் சோர்ஸை எவ்வளவு மதித்தாலும் இந்த மெதுவை நான் மறைக்க மாட்டேன், கூலிக்கு ஆள் இல்லாத இடத்தில் வேலை இப்படித்தான் நகரும். ஆனால் ஓமானில் இருக்கும் ஒருவர் பேஜ்மேக்கரைத் திறந்து அரபியைச் சரி செய்ய 70 வருடம் ஆனாலும் முடியாது, ஏனென்றால் அவருக்கு அனுமதியே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கைவிடப்பட்ட மென்பொருள்களின் கோப்புகளைத் திறப்பதற்கென்றே லிபர் ஆபீஸ்காரர்கள் 2014-ல் டாக்குமென்ட் லிபரேஷன் ப்ராஜெக்ட் என்று ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். அதில் பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்கும் நிரலும் உண்டு. லிபர் ஆபீஸ் டிராவில் உங்கள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். அப்படியே அச்சு அசலாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பத்தி நகரும், பழைய தமிழ் எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் எழுத்தும் தெரியாது. ஆனாலும் உள்ளே இருப்பது கைக்கு வரும்.

உங்களுக்கு நான் சொல்வது: முதலில் அந்தப் பழைய கம்ப்யூட்டரை எப்படியாவது ஒரு மாதம் ஓட வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் வேலைகள் எவை என்று பார்த்து, அவை எல்லாவற்றையும் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக எடுத்துவிடுங்கள். எழுத்துருக் கோப்புகளையும் தனியாக நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் ஸ்கிரைபஸில் ஒரே ஒரு சின்ன வேலை, ஒரு விசிட்டிங் கார்டு அல்லது ஒரு நோட்டீஸ், யூனிகோடு எழுத்துருவில் செய்து பிளேட் வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே நான்கு நிறப் பிரிப்பு அதில் இருக்கிறது. லோகித் தமிழ், மீரா இனிமை, நோட்டோ போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, நாளைக்கு யாரும் பறிக்க முடியாது. சீசன் நேரத்தில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

கோவையில் அனிமேஷன் படிக்கிறேன். வகுப்பில் மாயா என்ற அனிமேஷன் மென்பொருளைச் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் அதே வேலைக்கான இலவச மென்பொருள் பிளெண்டரைக் கற்கிறேன். "பிளெண்டர் பொழுதுபோக்குக்குச் சரி, தொழிலுக்கு ஆகாது, இலவசச் சாமான் எந்த நாளும் நின்றுவிடும்" என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
மாணவி, கோவை

அம்மா, உங்கள் சீனியர்களிடம் சாஃப்ட்இமேஜ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். 1986-ல் கனடாவின் மான்ட்ரியலில் தொடங்கிய நிறுவனம் அது. 1990-களில் ஹாலிவுட்டின் பெரிய படங்கள் பலவற்றுக்கு அதன் மென்பொருளில்தான் உயிர் கொடுத்தார்கள். 1994-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 1998-ல் அவிட் வாங்கியது, 2008-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. மாயாவும் ஏற்கெனவே ஆட்டோடெஸ்க் கையில்தான் இருந்தது. பேஜ்மேக்கர் கதைதான் மறுபடியும். 2014-ல் சாஃப்ட்இமேஜின் அடுத்து வரும் பதிப்பே கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து வருடம் அதிலேயே கை பழகியவர்கள் நடுவயதில் வேறொன்றை முதலிலிருந்து கற்க வேண்டி வந்தது. அவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான், ஒரு பைசா பாக்கி வைக்காதவர்கள்தான்.

பிளெண்டரும் ஒருமுறை செத்துப் பிழைத்தது. தொடக்கத்தில் அதுவும் மூடிய மென்பொருள்தான், நெதர்லாந்தில் டோன் ரோசெண்டால் என்பவர் நடத்திய நிறுவனத்தின் சொத்து. 2002-ல் முதலீட்டாளர்கள் கைவிரித்தார்கள், நிறுவனத்தை மூடினார்கள். ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலைத் தந்துவிடுகிறோம் என்றார்கள். ரோசெண்டால் பயனாளர்களிடம் கை நீட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டரின் மூலநிரல் எல்லோருக்கும் சொந்தமானது. எந்தக் காலத்தில் இது நடந்தது என்று யோசியுங்கள், இணையத்தில் பணம் கட்டுவதே பலருக்குப் புதிதாக இருந்த காலம்.

அதற்குப் பிறகும் உடனே எல்லாம் நன்றாகிவிடவில்லை. பல வருடம் அதன் திரையைப் பார்த்தாலே புதியவர்கள் ஓடிவிடுவார்கள். 2019-ல் வந்த 2.80 பதிப்புதான் அந்த நிலையை மாற்றியது. அதே வருடம் கணினி விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் 12 லட்சம் டாலர் கொடுத்தது. பெரிய நிறுவனங்களும் தனி ஆட்களும் மாதாமாதம் பணம் போடும் ஒரு நிதி இருக்கிறது, அதிலிருந்துதான் முழுநேர நிரலாளர்களுக்குச் சம்பளம் போகிறது. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் "ஃப்ளோ" பிளெண்டரில் செய்யப்பட்டது.

ஆக, பிளெண்டர் நிற்குமா என்றால், பணம் வரும் வழி தெளிவாக இருக்கிறது, மூலநிரல் யாராலும் பூட்ட முடியாத உரிமத்தில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்திருப்பதால் நம்புகிறேன். மாயாவையும் விடாதீர்கள். வேலைக்கு எடுக்கும் ஸ்டுடியோக்கள் பலவும் இன்னும் அதைத்தான் கேட்கின்றன. இரண்டும் தெரிந்திருந்தால் உங்கள் பிழைப்பு ஒரே கம்பெனியின் முடிவில் தொங்காது.

எங்கள் அலுவலகத்தில் ஓப்பன் சோர்ஸ் என்றாலே பாதுகாப்புப் பிரிவினர் பயப்படுகிறார்கள். ஹார்ட்பிளீட், எக்ஸ்இசட் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து யாரோ ஒருவர் எழுதுவதை நம்பி வங்கிக்கு மென்பொருள் செய்யலாமா என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
மென்பொருள் ஊழியர், சென்னை

அவர்கள் பயத்தில் உண்மை இருக்கிறது, தட்டிக் கழிக்காதீர்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே தெரிந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் இருந்த பிழை அது, உலக இணையத் தளங்களில் பெரும் பகுதி தம் ரகசியத்தைக் காக்க நம்பியிருந்த நிரல். அதற்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். நன்கொடையாக வந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். வங்கிகள், கடைகள், அரசாங்கங்கள் எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன, அந்த மனிதர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. விஷயம் வெடித்த பிறகுதான், லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தை ஆதரிக்கும் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி ஒதுக்கின. ஜெர்மனியில் ஜிஎன்யுபிஜி என்ற மறையாக்க மென்பொருளை 1997-லிருந்து கிட்டத்தட்டத் தனியாளாகக் காத்துவந்த வெர்னர் கோக் கதையும் இதே மாதிரிதான். 2015-ல் அவர் நிலைமை பற்றிச் செய்தி வந்த பிறகே பணம் கொட்டியது, ஃபேஸ்புக்கும் இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப்பும் ஆளுக்கு வருடம் 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள்.

எக்ஸ்இசட் இன்னும் மோசம். லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் கருவி அது. அதைப் பராமரித்தவர் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார், களைத்துப் போயிருந்தார், அதை வெளிப்படையாக எழுதவும் செய்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பை வாங்கிக்கொண்டு, கடைசியில் அதற்குள் கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். 2024 மார்ச் கடைசியில் அதைப் பிடித்தவர் மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். தன் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக உள்ளே நுழைய அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டு நூல் பிடித்துப் போனார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேரும் முன்னே தடுத்துவிட்டார்கள்.

அந்த அரை நொடியைப் பின்தொடர்ந்து போக அவரால் முடிந்ததற்கு, போகும் வழியெல்லாம் திறந்திருந்தது ஒரு காரணம். மூடிய மென்பொருளில் நாம் உற்பத்தியாளருக்குப் புகார் எழுதிவிட்டுக் காத்திருப்போம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது, விமானங்கள் நின்றன, அதன் உள்ளே இருந்ததை வெளியார் யாரும் முன்னால் பார்த்திருக்க வழியில்லை.

உங்கள் பாதுகாப்புப் பிரிவினரிடம் கேட்க வேண்டியது வேறொன்று. நீங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் நூலகங்களின், அதாவது தயார் நிரல் தொகுப்புகளின், பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறதா? ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? ஒரே ஆள், சம்பளம் இல்லை என்று வரும் இடத்தில் உங்கள் நிறுவனம் பணமோ ஆள் நேரமோ கொடுக்க வேண்டும். மூடிய மென்பொருளின் உரிமத்துக்கு வருடாவருடம் கட்டும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோடிகளில் புரளும் நிறுவனங்கள் ஒரு தனிமனிதரின் தூக்கத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு, பிழை வந்தால் அவரையே குறை சொல்வது நியாயமில்லை.

ஜவுளி ஏற்றுமதி செய்கிறேன். கணக்கெல்லாம் டேலியில். அதுவும் மூடியதுதானே, மாறிவிட வேண்டுமா?
வணிகர், கரூர்

வேண்டாம். டேலி 1986-லிருந்து இருக்கும் பெங்களூரு நிறுவனம், காசு கொடுத்து வாங்கும் கூட்டம் பெரிது, உங்கள் ஆடிட்டரும் அதிலேயே வேலை செய்கிறார். மூடிய மென்பொருள் நீடித்து நிற்பதற்கு நல்ல உதாரணம் அது. வருடம் முடிந்ததும் பேரேடு, வவுச்சர், இருப்பு எல்லாவற்றையும் எக்செல் ஆகவும் எக்ஸ்எம்எல் ஆகவும் ஏற்றுமதி செய்து தனியாக ஒரு தட்டில் வையுங்கள், அது போதும்.

ரெடிஸ் என்ற தரவுத்தளம், கிளவுட் கணினிகளை அமைக்கும் டெர்ராஃபார்ம் எல்லாம் ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லி வளர்ந்துவிட்டுத் திடீரென்று உரிமத்தை மாற்றின. அப்படியானால் இதுவும் ஏமாற்றுத்தானே?
கணினிப் பொறியாளர், பெங்களூரு

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் வருத்தம் நியாயமானது. அந்த நிறுவனங்களின் நியாயம் இது: நாங்கள் ஆள் வைத்து எழுதுகிறோம், பெரிய கிளவுட் கம்பெனிகள் அதையே வாடகைக்கு விட்டு எங்களைவிட அதிகம் சம்பாதிக்கின்றன. ஆக இங்கேயும் சிக்கல் சோற்றுக்கு வழி என்ன என்பதுதான்.

மாற்றிய பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2024 மார்ச் 20-ல் ரெடிஸ் உரிமத்தை மாற்றியது. பத்து நாள்கூட ஆகவில்லை, அதில் உழைத்தவர்களே பழைய நிரலை எடுத்து வால்கீ என்ற பெயரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிவிட்டார்கள், அமேசான், கூகுள், ஆரக்கிள் எல்லாம் பின்னால் நின்றன. 2025 மே மாதம் ரெடிஸ் மறுபடி ஓப்பன் சோர்ஸ் உரிமம் ஒன்றைச் சேர்த்தது. டெர்ராஃபார்மின் பழைய நிரலிலிருந்தும் 2023-ல் ஓப்பன்டோஃபு என்று இப்படியே ஒன்று வந்தது. இதை விஎம்வேருடன் ஒப்பிடுங்கள், ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மூடிய மென்பொருள் அது. 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி எல்லோரையும் சந்தாவுக்குத் தள்ளியது. வாடிக்கையாளர்களுக்கு நிரலை எடுத்துக்கொண்டு தனியே போகும் வழி இல்லை. கட்டினார்கள், அல்லது வேறு மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அதனால் தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தை மட்டும் பார்க்காதீர்கள், மூலநிரலின் பதிப்புரிமை ஒரே நிறுவனத்திடம் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குவிந்திருந்தால் ஒருநாள் மாறலாம். இன்னொரு பக்கம் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம் இருக்கிறது. 2000-ல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கியது, இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். உங்கள் கைபேசியில் வாட்ஸாப் செய்திகள் சேமிக்கப்படுவதே அதில்தான். பதிப்புரிமையே வேண்டாமென்று பொதுவுடைமையாக்கிவிட்டார்கள், வெளியாரின் நிரலைச் சேர்த்துக்கொள்வதில்லை, அதைச் சார்ந்திருக்கும் நிறுவனங்கள் சந்தா கட்டி அந்தச் சிறு குழுவைக் காக்கின்றன. 2050 வரை பராமரிப்போம் என்று அறிவித்திருக்கிறார்கள். எந்த மூடிய மென்பொருளும் எனக்கு இப்படி ஒரு வருடத்தைச் சொல்லி வாக்குக் கொடுத்ததில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். பணம் கொடுக்கும் நிலையில் இல்லை. இந்த மென்பொருள்கள் நிலைக்க எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?
ஆசிரியை, திருநெல்வேலி

பணம் கொடுக்க வேண்டியவர்கள் சம்பாதிக்கும் நிறுவனங்கள். பெங்களூரின் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-ல் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் ஓப்பன் சோர்ஸுக்கென்று ஒதுக்கத் தொடங்கியது, அதைப்போல நம் ஊர் நிறுவனங்கள் இன்னும் பல முன்வர வேண்டும். உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: தமிழ் தெரிந்த, நேரம் உள்ள, கூர்மையான முப்பது நாற்பது பிள்ளைகள்.

கேரளத்துப் பள்ளிகளில் பல வருடமாக லினக்ஸில்தான் கணினிப் பாடம். அதைப் பயன்படுத்துவதோடு நிற்காமல் மலையாளத்துக்கு வேண்டியதை அவர்களே செய்துகொள்கிறார்கள். நான் சொன்ன மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவைக்கூட வெளியிட்டது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற அவர்கள் ஊர்க் குழுதான்.

லிபர் ஆபீஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது. கணக்குத் தொடங்கி, தமிழைத் தேர்ந்தெடுத்து, மொழிபெயர்க்காமல் கிடக்கும் வரிகளைப் பார்க்கலாம். வாரம் ஒரு கணினி வகுப்பில் பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்து வரி கொடுங்கள். ஒரு பட்டனுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் சண்டை போடட்டும், தமிழாசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். முடிவானதை நீங்கள் பதிவேற்றினால் போதும். பிழை கண்டால் எந்தப் பதிப்பு, எதை அழுத்தினோம், என்ன ஆனது என்று மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பப் பழக்குங்கள். எங்கோ இருக்கும் நிரலாளருக்குத் தமிழில் எழுத்து உடைவது தானாகத் தெரியாது, பார்த்தவர் சொன்னால்தான் தெரியும். எங்காவது சிக்கினால் எனக்கு எழுதுங்கள், முதல் கணக்கைத் தொடங்கும்போது தொலைபேசியில் கூடவே இருக்கிறேன்.